கண்ணில் தங்கிய சாவி

திருடன் வந்து போன வீட்டில், ஒழுகிக்கொண்டிருந்த குழாய் சரியாகியிருந்தது.

“இந்த மாதிரி திருடன் நம்ம வீட்டுப் பக்கமும் ஒரு தடவை வரக் கூடாதா சார்?” என்றான் ரேடியோ, சமையலறைக் குழாயைத் திறந்தும் மூடியும் பார்த்தபடி.

“வாயை மூடு.”

“குழாயைத்தான் மூடியிருக்கேன்.”

செக்கர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் முன் நின்று தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றும் ஊர் வாயில் இன்னும் செக்கர்தான். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்த மனிதர், இப்போது போலீஸ் கைவிரித்த சிக்கல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் சும்மா இருந்தால் சுவரோடுதான் பேச வேண்டும், அதற்கு இது தேவலை என்று நினைத்தார். ஓயாத பேச்சுக்கு ரேடியோ என்று பெயர் வாங்கியவன், அதே பஸ்களில் கண்டக்டராக இருந்தான். டிக்கெட்டைக் கிழிக்காமல் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தான் என்று எழுதிக் கொடுத்து அவன் வேலைக்கு வேட்டு வைத்தவர் செக்கர். பிறகு மனசு கேட்காமல் உதவியாளாகச் சேர்த்துக்கொண்டவரும் அவரே.

“மறுபடியும் முதல்ல இருந்து சொல்லுங்கம்மா. அவசரமில்லை” என்றார் செக்கர்.

“அவசரம் இருக்கு” என்றார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பெண்மணி. “இன்னைக்கு சாயங்காலம் என் அண்ணன் பையன் டாக்டரைக் கூட்டிட்டு வரான். எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு அவர் கையெழுத்துப் போட்டா, என்னை ஒரு இல்லத்துல சேர்த்துட்டு இந்த வீட்டை அவன் பாத்துக்குவானாம்.”

“பாத்துக்குவார், பாத்துக்குவார். நல்ல விலை வர்ற வரைக்கும்” என்றான் ரேடியோ.

அக்கம்பக்கத்தில் அவருக்கு டெலிபோன் அம்மா என்று பெயர். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரையே ஒருவரோடு ஒருவர் பேச வைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்று அவர் வீட்டு டெலிபோன் அடித்தால் அது ராங் நம்பராகத்தான் இருக்கும். அதையும் அவர் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் வைப்பார்.

“வெளிய போயிட்டு வந்தா கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடிட்டு இருக்கும். எங்கம்மா படம் சுவத்தைப் பாத்துத் திரும்பியிருக்கும். செருப்பு தலையணை மேல இருக்கும். நான் எதையும் தொட மாட்டேன். அப்படியே பூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போய் போலீசைக் கூட்டிட்டு வருவேன். வந்து பாத்தா எல்லாம் சரியா இருக்கும். இன்னொரு தடவை என்கூட வேலை பாத்தவளைத் தேடிப் போய்க் கூட்டிட்டு வந்தேன். அப்பவும் அப்படித்தான். அவ என் கையைப் பிடிச்சு ‘உடம்பைப் பாத்துக்கோ’ன்னா. அப்புறம் அவ இந்தப் பக்கமே வரலை.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

“சாவி?”

கழுத்துக் கயிற்றை வெளியே இழுத்தார். “இது ஒண்ணுதான். தூங்கும்போதும் கழட்டறதில்ல. யார் கைக்கும் குடுத்ததில்ல.”

செக்கர் குனிந்து பார்த்தார். கயிறு நைந்து நூல் பிரிந்திருந்தது. சாவி பழையது. ஆனால் இரண்டையும் இணைத்த வளையம் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளைத் தோழனைப் போல மினுமினுத்தது. சாவியைத் தொட்ட அவர் விரலில் கரி ஒட்டியது. அதே கரி டெலிபோன் அம்மாவின் கழுத்திலும் ஒரு கோடாக இருந்தது.

“எத்தனை தேய்ச்சாலும் மறுநாள் வந்துடுது. குளிக்கக்கூட மறந்துடறேன்னு அண்ணன் பையன் அதையும் டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கான்.”

செக்கர் விரலை ஒரு காகிதத்தில் இழுத்தார். சாம்பல் நிறத்தில் கோடு விழுந்தது. பிறகு வாசல் கதவுக்குப் போய், டெலிபோன் அம்மாவை அருகே நிற்க வைத்து, பூட்டில் சாவியைத் திருப்பச் சொன்னார். சத்தமே இல்லாமல் திரும்பியது.

“இந்தப் பூட்டு எப்பவுமே இப்படித்தானா?”

“இல்லையே. கரகரன்னு கத்தும். நான் வீட்டுக்கு வந்தா ‘வந்துட்டியா’ன்னு கேக்கற மாதிரி இருக்கும். கொஞ்ச நாளா அதுவும் பேசறதில்ல.”

தன் வீட்டுப் பூட்டு என்ன சத்தம் போடும் என்பது செக்கருக்கும் மனப்பாடம்.

“இந்த வளையம் எங்க வாங்கினீங்கம்மா?”

“எதிர்த்தாப்புல இருக்கற சாவிக் கடையில. அண்ணன் பையன்தான் கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுத்தான். ஆனா சாவி என் கழுத்தை விட்டு இறங்கலை. சாவிக்காரர் அப்படியே குனிஞ்சு மாட்டிவிட்டார். கண் மூடித் திறக்கறதுக்குள்ள ஆயிடுச்சு.”

தெருப்பக்கம் இருந்த மாடிப்படியில் இறங்கும்போது ரேடியோவால் பொறுக்க முடியவில்லை. “என்ன சார் கரி அது?”

“பென்சில் கரி. பூட்டுக்கு எண்ணெய் விட்டா தூசி சேரும். தொழில் தெரிஞ்சவன் கரியைப் பொடி பண்ணி உள்ள ஊதுவான்.”

“அத்துமீறி நுழையறவன் பூட்டுக்கு வைத்தியமும் பாத்துட்டுப் போறானா? ஃபீஸ் கூட கேக்காம?”

“கைப்பழக்கம். அழற குழந்தையைத் தாண்டி ஒரு தாயால போக முடியாது. கத்தற பூட்டைத் தாண்டி அவனால போக முடியலை.” செக்கர் பாக்கெட்டில் கை விட்டுத் தன் சாவிகளை உருட்டினார். யோசிக்கும்போது அவருக்கு அந்தக் கிணுகிணுப்பு வேண்டும்.

“அது என்ன சார், ஒரே வீட்டுக்கு ரெண்டு சாவி, ரெண்டும் உங்க பாக்கெட்லயே? தொலைஞ்சா ஜோடியா தொலையட்டும்னா?”

இரண்டாவது சாவி அவர் மனைவியினுடையது. அவள் போன பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன்னுடையதோடு கோத்துக்கொண்டிருந்தார். அதை ரேடியோவிடம் சொல்லவில்லை.

சாவிக் கடை என்பது பெரிய பேச்சு. இரண்டு கடைகளுக்கு நடுவே மிச்சம் விழுந்த சந்தில் தகரக் கதவு வைத்த ஒரு கூடு அது. உள்ளே ஒரு வெட்டும் மிஷின், அரங்கள், பல் வெட்டாத சாவிகள் தொங்கும் ஆணிகள். அவற்றின் நடுவே நரைத்த தாடியோடு ஒருவர். அங்கே உட்கார்ந்தால் டெலிபோன் அம்மாவின் வாசல் நேர் எதிரே தெரிந்தது. பலகையில் ‘சாவி வெட்டப்படும்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரியைப் புது பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அடித்தவர் அவசரக்காரர் போலும். உற்றுப் பார்த்தால் ‘ஒரு முறை பார்த்தால் போதும்’ என்ற எழுத்துகள் எட்டிப் பார்த்தன.

ரேடியோ தன் சாவியைத் தூக்கி ஆட்டினான். “அண்ணே, இதைக் கையில தர மாட்டேன். பாத்தே வெட்டுவீங்களாமே?”

சாவிக்காரர் சட்டென்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். “கையில குடுங்க, மிஷின்ல வெச்சு வெட்டித் தரேன். பாத்து வெட்டறதை விட்டாச்சு.”

செக்கர் கண்ணைக் காட்டினார். ரேடியோ சாவியைப் பலகை மீது வைத்துவிட்டு எதையோ தேடுபவன்போல் சட்டைப்பையைத் துழாவினான். சாவிக்காரரின் கை தானாக நீண்டு, துடைக்கும் துணியை எடுத்துச் சாவியின் மேல் போட்டது.

செக்கர் பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். டிக்கெட் எடுக்காதவன் மட்டும் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பான். இத்தனை வருஷத்தில் அந்தக் கணக்கு தவறியதில்லை.

“துணிக்கு அடியில இருக்கறது சாவியா, பாம்பா?” என்று கேட்டார்.

“புரியலைங்க.”

“எதிர் வீட்டம்மாவுக்கு வளையம் மாட்டினப்போ இப்படித் துணி போடலையே நீங்க.”

சாவிக்காரர் கையிலிருந்த அரம் மிஷினில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“சாவியில ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஆழம் உண்டு சார்” என்றார். “ஆழத்துக்கு ஒரு எண். பாத்துப் பாத்துப் பழகிட்டா எண்ணு தானா மனசுல வந்து விழும். வேண்டாம்னாலும் விழும். அந்தத் தம்பி வந்து, ‘அத்தை தனியா இருக்காங்க, உள்ள பூட்டிட்டு விழுந்து கிடந்தா யாரு திறப்பாங்க, கேட்டா சாவி தர மாட்டேங்கறாங்க’ன்னார். எனக்கு நியாயமாப் பட்டுது. எங்கம்மா அப்படித்தான் போனாங்க, பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம். சாவிக்காரன் அம்மாவுக்குக் கதவைத் திறக்க ஆள் இல்ல. நான் வேற ஊர்ல எவன் வீட்டுக் கதவையோ திறந்துட்டு இருந்தேன்.”

“அதனால ஒண்ணு வெட்டிக் குடுத்தீங்க.”

“ஒண்ணு.”

“ஒண்ணுதானா?”

சாவிக்காரர் கீழே பார்த்தார். “ரெண்டு.”

“ரெண்டாவது யாருக்கு?”

“எனக்கு.”

“ஆஹா! மாட்டினாருய்யா!” என்றான் ரேடியோ. “கூட்டுக் களவாணி!”

“இல்ல தம்பி. வெட்டின கொஞ்ச நாள்ல அவர் இங்க நின்னு போன்ல யார்கிட்டயோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசினார். ‘கடிகாரத்தை மாத்தி வெச்சுட்டேன், இன்னும் ரெண்டு தடவை வெச்சா கிழவியே நம்பிடும், டாக்டர் கையெழுத்துப் போட்டுடுவார்’னு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. எண்ணுதான் கண்ணுல இருக்கே, அன்னைக்கே இன்னொண்ணு வெட்டினேன். அவர் வந்துட்டுப் போறது இங்கேர்ந்து தெரியும், ஆனா அவர் போறதுக்கும் அந்தம்மா வர்றதுக்கும் சரியா இருக்கும். அந்தம்மா அப்புறம் வெளிய கிளம்பினதும் நான் போய் எல்லாத்தையும் சரி பண்ணிடுவேன். கடிகாரத்தைத் திருப்பி வைப்பேன். படத்தைத் திருப்பி வைப்பேன். குழாய் ஒழுகுச்சு, அதையும் பாத்தேன். அவங்க மனசு கலங்கக் கூடாதுன்னுதான் சார்.”

“அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“என்னன்னு சொல்வேன்? உங்க கழுத்துல கிடந்த சாவியைக் கண்ணால திருடினேன்னா? அப்புறம் இந்தத் தெருவுல ஒருத்தர் என் கடைப் பக்கம் வருவாங்களா?”

இந்த மனிதர் முகத்தில் பொய் இல்லை. அதுதான் செக்கருக்குக் கஷ்டமாக இருந்தது.

“அந்தம்மா கடிகாரத்தைத் தொடாம வெளிய போனது எதுக்குன்னு நினைக்கறீங்க?”

“பயந்துபோய்...”

“சாட்சிக்கு ஆள் கூட்டிட்டு வர. போலீசைக் கூட்டிட்டு வந்தாங்க. சிநேகிதியைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்க வர்றதுக்குள்ள நீங்க எல்லாத்தையும் நேராக்கி வெச்சுட்டீங்க. பூட்டுக்கு நீங்க ஊதின கரி அவங்க கழுத்துல ஒட்டி, குளிக்காத கிழவின்னு பேர் வாங்கிக் குடுத்திருக்கு. கலைச்சது அவன். அவங்களுக்குப் பைத்தியம்னு ஊரை நம்ப வெச்சது நீங்க.”

சாவிக்காரர் சாவியைத் துணியோடு ரேடியோ பக்கம் தள்ளினார். ரேடியோ அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் கிடைக்காமல் நின்றான்.

“சாயங்காலம் வந்து உண்மையைச் சொல்லுங்க.”

“வந்தா என் கடைக்கு அப்புறம் யாரு வருவா சார்?”

“வரலைன்னா அந்த வீட்டுல யாரு இருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு செக்கர் நடந்தார்.

சாயங்காலம் அண்ணன் பையன் வந்தான். பையன் என்பது உறவுக்குத்தான். ஆள் தொப்பையும் வழுக்கையுமாக இருந்தான். கார் சாவி கோத்த கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே, டாக்டருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினான்.

“பாருங்க டாக்டர், கழுத்தெல்லாம் கரி. இல்லாததைச் சொல்லிப் போலீசைக் கூப்பிடறாங்க. அத்தை, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

டெலிபோன் அம்மா கழுத்துச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

“ஒரு சந்தேகம்” என்றார் செக்கர். “ஆத்திர அவசரத்துக்குன்னு அத்தை உங்ககிட்ட ஒரு சாவி குடுத்து வைக்கலையா?”

“அதான் சார் வியாதியே! சொந்த ரத்தத்தையே நம்ப மாட்டாங்க. அந்தச் சாவியை இதுவரைக்கும் நான் தொட்டுக்கூடப் பாத்ததில்ல. இந்த வீட்டுச் சாவி என்கிட்ட எப்படி இருக்கும்?”

“டாக்டர், இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு செக்கர் வாசல் கதவைத் திறந்தார்.

படிக்கட்டு காலியாக இருந்தது. எதிர்ப்பக்கம் சாவிக் கடையின் தகரக் கதவு மூடியிருந்தது. வர மாட்டார் போலிருக்கிறது என்று செக்கர் நினைத்தார். யாருக்காகவும் யாரும் வராத படிக்கட்டுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். டெலிபோன் அம்மாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

அப்போது கீழே செருப்புச் சத்தம் கேட்டது.

சாவிக்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார். உள்ளே வந்ததும் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

“ரெண்டு, அஞ்சு, ஒண்ணு, நாலு, ரெண்டு” என்றார். “அந்தத் தம்பி கொத்துல ஒரு சாவி இருக்கும். ரெண்டாவது பள்ளம்தான் ரொம்ப ஆழம். தலையில கம்பெனி பேர் இருக்காது, என் அரம் வழுக்கின கீறல் குறுக்கால இருக்கும். நான் வெட்டினது. அம்மாவோட சாவியைப் பாத்து, அவங்களுக்குத் தெரியாம வெட்டினது. நான் பாக்கலை. நீங்களே எடுத்துப் பாருங்க.”

சுழன்றுகொண்டிருந்த கொத்து பாக்கெட்டை நோக்கிப் போனது. ரேடியோ குறுக்கே நின்றான். “டிக்கெட்டைக் காட்டிட்டு இறங்கலாமே, சார்.”

டாக்டர் கையை நீட்டினார். கொத்தில் கீறல் விழுந்த சாவி ஒன்று இருந்தது. டாக்டரே அதை வாசல் பூட்டில் போட்டுத் திருப்பினார். வழுக்கிக்கொண்டு திரும்பியது. தவளை தன் வாயால் கெட்டுவிட்டது. இனி அத்தை தந்த சாவி என்றும் சொல்ல முடியாது.

டாக்டர் பேனாவை மூடினார். “அம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. போலீஸ்ல இதை நானே வந்து சொல்றேன்.”

“அத்தை, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“சாவியை வெச்சுட்டுப் போ” என்றார் டெலிபோன் அம்மா. இணைப்பைத் துண்டிக்கும் குரல் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

இருவரும் போன பிறகு சாவிக்காரர் தன் மடியிலிருந்த இரண்டாவது சாவியை மேஜையில் வைத்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். திருத்துகிறேன் என்று கெடுத்ததையும் சொன்னார். டெலிபோன் அம்மா ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

“சாவியைத் திருப்பிக் குடுத்துட்டேன்மா. கண்ணுல இருக்கறதை எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியலை. அதனால புதுப் பூட்டு கொண்டு வந்திருக்கேன்.”

பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினார். சாவி இருந்த உறையைப் பிரிக்காமல் டெலிபோன் அம்மாவிடம் நீட்டினார். “நீங்களே பிரிங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.” தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பையனைப்போல மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றார்.

டெலிபோன் அம்மா சாவியைப் போட்டுத் திருப்பினார். புதுப் பூட்டு க்ரீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அவர் அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றார்.

“இப்படித் திரும்புங்க” என்றார்.

சாவிக்காரர் அசையவில்லை.

“உங்களைத்தான் சொல்றேன். திரும்புங்க.”

திரும்பினார். அவர் கண்ணுக்கு நேரே, விளக்கு வெளிச்சத்தில், புதுச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார் டெலிபோன் அம்மா.

“நல்லா பாத்துக்கங்க.”

“அம்மா, வேண்டாம்மா.”

“அவன் உங்ககிட்ட சொன்னது பொய். ஆனா அந்த விஷயம் பொய் இல்ல. ஒரு நாள் இந்தக் கதவுக்கு உள்ள நான் விழுந்து கிடப்பேன். போன் பண்ண எனக்கு ஆள் இல்ல. எதிர்த்தாப்புல உக்காந்து இந்த வாசலைப் பாத்துட்டு இருக்கறவர் நீங்க ஒருத்தர்தான். ரெண்டு நாள் நான் வெளிய வரலைன்னா வந்து திறங்க. மத்த நாள்ல கதவைத் தட்டிட்டு வாங்க.”

சாவிக்காரர் பார்த்தார். பிறகு தோள் துண்டால் கண்ணை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

“இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கங்கம்மா. கண்ணு மறைக்குது.”

செக்கர் ரேடியோவின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். படியில் பாதி இறங்கியதும் நின்று, பாக்கெட்டிலிருந்த வளையத்தை எடுத்தார். நகத்தை விட்டு நெம்பி ஒரு சாவியைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பழக்கமில்லாத வேலை.

“இந்தா.”

“என்ன சார் இது?”

“வீட்டுச் சாவி.”

ரேடியோவின் உதட்டில் ஒரு நக்கல் வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. சாவியை உள்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

“உங்க வீட்டுல குழாய் ஒழுகுதா சார்?”

“இல்ல.”

“சரி, அப்பப்ப வந்து பாத்துக்கறேன். எப்ப ஒழுகும்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் அந்தப் பூட்டு என்ன சத்தம் போடும்னு முதல்லயே சொல்லிடுங்க, நான் பயந்துடக் கூடாது...”

செக்கர் தெருவில் இறங்கி நடந்தார். ஒற்றைச் சாவி பாக்கெட்டில் கிணுகிணுக்கவில்லை. சத்தத்துக்குத்தான் ரேடியோ இருந்தானே.